'செயற்கை' என்னும் சொல்லும் ஈஸ்டின் மரபணுக்களும்

மொழியியல் பயின்ற நமக்கு ஈஸ்டைப் பற்றிப் பேச என்ன உரிமை என ஆசிரியப் பெருமக்கள் எண்ணக்கூடும். அத்துறையின் ஒரு சொல்லில் தடுக்கி விழுந்தோம். அந்த உரிமை மட்டுமே உண்டு.

தேக்காவில் அப்ப மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட் மொட்டுவிட்டுப் பெருகுவது. நாம் பேசவிருப்பது அதன் தூரத்து உறவு. கோல்போல் நீண்டு நடுவே பிளப்பது. 1893இல் லிண்ட்னர் இதனைக் கிழக்கு ஆப்பிரிக்கச் சிறுதானிய மதுவில் கண்டு 'பொம்பே' எனப் பெயரிட்டார். சுவாஹிலியில் அச்சொல் மதுவையே குறிக்கும். ஈழத்துப் பாடநூல்கள் ஈஸ்டை 'மதுவம்' என்பதும் அவ்வழியே. நம் சிங்கப்பூரிலும் தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வகத்தில் மோகன் பாலசுப்பிரமணியன் குழுவினர் இப்பிளவு ஈஸ்டைக் கொண்டு உயிரணுப் பிரிவைப் பல்லாண்டு ஆராய்ந்தனர்.

எடின்பரோவில் பால் நர்ஸ், உரிய அளவு வளருமுன்பே பிரிந்துவிடும் குட்டை உயிரணுக்களைக் கண்டார். ஸ்காட்லாந்து வழக்கில் 'வீ' என்றால் சிறியது. மரபணுவுக்கு 'வீ1' என்றே பெயர் அமைந்தது. வீ1 உருவாக்கும் புரதம், பிரிவைத் தொடங்கிவைக்கும் 'சிடிசி2' புரதத்தின்மீது பாஸ்பேட்டை ஏற்றி அதனை அடக்கி வைக்கிறது. 'சிடிசி25' அந்தப் பாஸ்பேட்டை நீக்குகிறது. சிடிசி25 பழுதானால் உயிரணு பிரியாமல் நீண்டுகொண்டே போகும். வீ1, சிடிசி25 இரண்டுமே பழுதானால்? நிலைமை மேலும் கெடும் என்றே நாம் நினைப்போம். உயிரணுவோ மீண்டும் பிரிகிறது! பூட்டே இல்லாத கதவுக்குச் சாவி எதற்கு?

இதற்கு நேர்மாறான உறவும் உண்டு. 'மிக்1' என்னும் மரபணுவை மட்டும் நீக்கினால் கண்ணுக்குத் தெரியும் கேடு இல்லை. வீ1ஐ மட்டும் நீக்கினால் உயிரணு குட்டையாயினும் வாழ்கிறது. இரண்டையும் நீக்கினால், ஆயத்தம் முடியுமுன் பிரிவினுள் பாய்ந்து மடிகிறது. இத்தகைய மடிவை ஆங்கிலத்தில் 'சிந்தெட்டிக் லெத்தாலிட்டி' என்பர். 'சிந்தெட்டிக் லெத்தல்' என்ற வழக்கு 1946இல் டாப்ஷான்ஸ்கி தந்தது.

சொற்பட்டியல் ஒன்றின் வரைவில் நாம் இதனைச் 'செயற்கை இறப்பு' என்று எழுதிவிட்டோம். "ஐயா, இதில் செயற்கை எங்கே இருக்கிறது?" என்று உயிரியல் மாணவி ஒருவர் கேட்டார். விடை இல்லை. கிரேக்க மூலத்தில் அச்சொல்லுக்கு 'ஒன்றுசேர்த்தல்' என்பதே பொருள். நைலான் துணிக்கு வழங்கும் பொருளை மரபணுவுக்கு உடுத்திவிட்டோம்!

இது பட்டியலோடு முடியும் பிழையன்று. பி.ஆர்.சி.ஏ. மரபணு பழுதான புற்றணுக்கள், டிஎன்ஏவைச் செப்பனிட 'பார்ப்' என்னும் புரதத்தை நம்பியிருக்கின்றன; மருந்தால் அதனைத் தடுத்தால் புற்றணு மடியும், அம்மரபணு பழுதாகாத அணு பிழைக்கும். 2005இல் வெளியான இக்கண்டுபிடிப்பு 2014 முதல் மருந்தாகவே வழங்குகிறது. அம்மருந்தின் தமிழ் விளக்கத்தாளில் 'செயற்கை இறப்பு' என்று படிக்கும் நோயாளியின் மனம் என்ன பாடுபடும்?

'ஈரிழப்பு இறப்பு' என்று மாற்றிப் பார்த்தோம். புணர்ந்தால் 'ஈரிழப்பிறப்பு' ஆகிறது. காதில் பிறப்பு என்றே விழுகிறது. இப்போதைக்கு 'இணைவிறப்பு' என எழுதுகிறோம். இருவர் ஒன்றாக இறப்பதுபோல் ஒலிக்கிறது என்று அம்மாணவி இன்னும் ஒப்பவில்லை. மாற்றுச்சொல் தோன்றுவோர், உரை முடிந்ததும் ஒரு தாளில் எழுதித் தருக.