'ஓடாதே' என்று சொல்லத் தெரியாத தாத்தா

(நமது குடியிருப்பு மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியது)



வங்கியில் 34 வருஷம் கணக்கு எழுதியவனுக்கு ஸ்பானிஷ் மொழியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் மகள் மாட்ரிட்டில் இருக்கிறாள். நாலு வயதுப் பேரனுக்கு ஸ்பானிஷ்தான் வாயில் வருகிறது. தமிழில் பேசினால் பாதி புரியும், பாதிக்கு விழிப்பான். போன வருஷம் மூன்று மாதம் அங்கே இருந்தேன்.

ஒரு நாள் பூங்காவில் விளையாடிக்கொண்டிருந்தவன் திடீரென்று சாலைப் பக்கம் ஓட ஆரம்பித்தான். 'கோர்ரெ' என்றால் 'ஓடு'. 'நோ' என்றால் 'வேண்டாம்'. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து, "நோ! கோர்ரெ!" என்று கத்தினேன். அவன் காதில் 'ஓடு' மட்டும் விழுந்ததோ என்னவோ, இன்னும் வேகமாக ஓடினான். எதிரே வந்த ஒரு அம்மாள் கையை நீட்டி, "நோ கோர்ராஸ்!" என்றார். பிள்ளை அப்படியே நின்றுவிட்டான்.

எனக்குக் கை நடுக்கம் நிற்கவே வெகு நேரமாயிற்று. அன்று இரவு மகள், "அப்பா, முன்னால் நோ போட்டால் மட்டும் போதாது. வினையின் வாலும் மாறணும்" என்றாள். கொஞ்சம் யோசியுங்கள். நாம் மட்டும் 'இல்லை ஓடு' என்றா சொல்கிறோம்? 'ஓடு' என்பதை 'ஓடாதே' என்று மாற்றித்தானே சொல்கிறோம்!

அவள் சொல்லிக்கொடுத்த வழி இதுதான். ஒழுங்கான ஸ்பானிஷ் வினைகள் ஆர், ஏர், ஈர் என்ற மூன்று முடிவில் வரும். முதலில் 'நான்' என்பதற்குரிய வடிவத்தை எடுங்கள். பேசுவதற்கு 'ஆப்லோ', சாப்பிடுவதற்கு 'கோமோ', திறப்பதற்கு 'ஆப்ரோ'. கடைசி 'ஓ'வை நீக்குங்கள். ஆர் வினைக்கு 'எஸ்' சேருங்கள்: 'நோ ஆப்லெஸ்', பேசாதே. ஏர், ஈர் வினைகளுக்கு 'ஆஸ்' சேருங்கள்: 'நோ கோமாஸ்', சாப்பிடாதே, 'நோ ஆப்ராஸ்', திறக்காதே. அதாவது, ஆகாரம் இருந்த இடத்தில் எகரம், எகரம் இருந்த இடத்தில் ஆகாரம். பற்றை வரவிலும் வரவைப் பற்றிலும் எழுதுகிற மாதிரி! வங்கியில் அது தவறு. இங்கே அதுதான் சரி.

மரியாதையும் உண்டு. பெரியவர் ஒருவரிடம் கடைசி 'ஸ்' போய்விடும்: 'நோ ஆப்லெ', 'நோ கோமா'. பலரிடம் மரியாதையாகச் சொன்னால் 'ன்' சேரும்: 'நோ ஆப்லென்', 'நோ கோமான்'. ஸ்பெயினில் நண்பர்கள், பிள்ளைகள் கூட்டத்திடம் வேறு வடிவம்: 'நோ அப்லேயிஸ்', 'நோ கொமாயிஸ்'. லத்தீன் அமெரிக்காவில் இந்த வேறுபாடு கிடையாது. பலரிடம் எல்லோருக்கும் 'ன்' வடிவம்தான்.

இன்னொன்று. 'எனக்காகக் காத்திரு' என்பது 'எஸ்பேராமெ'. 'என்னை' என்பதற்கான 'மெ' பின்னால் ஒட்டும். 'காத்திருக்காதே' என்றால் அது முன்னால் வந்து தனியாக நிற்கும்: 'நோ மெ எஸ்பேரெஸ்'. அறிவிப்புப் பலகைகளில் மட்டும் பெரும்பாலும் வால் மாற்றமே இருக்காது. 'நோ ஃபுமார்', புகைபிடிக்கக் கூடாது, என்று மூல வினையையே போட்டுவிடுவார்கள். நம் லிஃப்ட் பக்கத்துப் பலகை மாதிரி.

'போ', 'இரு' போன்ற சில வினைகள் இந்த விதிக்கு அடங்காதவை. அவற்றைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். முதலில் ஒழுங்கானவற்றைப் பிடியுங்கள்.

நம் குடியிருப்பில் வெளிநாட்டில் பேரப் பிள்ளைகள் இருப்பவர்கள் பலர். அந்த ஊர் மொழியில் 'சாப்பிட்டாயா' என்று கேட்கக் கற்கிறோம், நல்லது. அதற்கு முன்னால் 'ஓடாதே', 'தொடாதே', 'திறக்காதே' மூன்றையும் கற்றுக்கொள்ளுங்கள். அன்புக்கு மொழி தேவையில்லாமல் இருக்கலாம். சாலை ஓரத்தில் தேவைப்படுகிறது.

இப்போது வீடியோவில் பேரன் சோபா மேல் ஏறிக் குதித்தால், "நோ சால்தெஸ்" என்கிறேன். "குதிக்கலே தாத்தா" என்று தமிழில் பதில் வருகிறது.