அடுத்தவர் எழுதியதைத் திரையில் காட்டும்போது

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டை இறுதியாண்டு மாணவர்கள் இணையச் செயலியாகச் செய்து வருவதாகச் செயலாளர் சொன்னார். மேனாம்பேட்டில் உட்கார்ந்தபடியே மஸ்கட்டில் இருக்கும் நண்பரின் முகவரியைப் பார்க்கலாம். நல்ல காரியம். ஒவ்வொருவரும் தன்னைப் பற்றித் தடித்த எழுத்து, வண்ணம், இணைப்பு எல்லாம் போட்டு எழுதிக்கொள்ளலாமாம். எனக்குக் கவலை அங்கேதான்.

தடித்த எழுத்துக்கு எச்.டி.எம்.எல். வேண்டும். அதை வாங்கி அப்படியே திரையில் போட்டால், கூடவே ஜாவாஸ்கிரிப்ட்டும் நுழையும். செயலாளர் அந்தப் பக்கத்தைத் திறந்தால், அது செயலாளரின் அதிகாரத்தோடு ஓடும். எல்லா உறுப்பினர்களின் ஃபோன் நம்பரும் அவருக்குத் தெரியும்படிதானே வைத்திருக்கிறீர்கள்? "குக்கீயை ஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கோம் சார்" என்பீர்கள். பூட்டுங்கள், நல்லதுதான். ஆனால் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்ட திருடனுக்குச் சாவி எதற்கு?

என் வயதுக்காரர்களுக்கு ஆர்க்குட் ஞாபகம் இருக்கும். 2014-இல் மூடிவிட்டார்கள். பிரேசிலிலும் நம் நாட்டிலும் அதற்கு ஏகப்பட்ட கூட்டம். 2010 செப்டம்பர் 25, சனிக்கிழமை. "போம் சாபாடோ" என்று ஒரு போர்த்துகீசியச் செய்தி ஸ்கிராப் பக்கங்களில் பரவியது. "இனிய சனிக்கிழமை" என்று அர்த்தமாம்! எதையும் கிளிக் செய்ய வேண்டாம், பார்த்தாலே போதும். பார்த்தவர் பெயரிலேயே நண்பர்களுக்கும் போய்விடும்.

அதற்கும் முன்பு, 2005 அக்டோபரில், அமெரிக்காவின் மைஸ்பேஸில் சாமி கம்கார் என்ற இளைஞர் (நம்ம ஊர் சாமி இல்லை) இப்படி ஒன்றை விட்டார். 20 மணி நேரத்துக்குள் பத்து லட்சம் பேரைத் தாண்டியது. மைஸ்பேஸ் காவல் போடாமல் இல்லை. "ஜாவாஸ்கிரிப்ட்" என்ற சொல்லைக் கண்டால் நீக்கியது. அவர் "ஜாவா" ஒரு வரி, "ஸ்கிரிப்ட்" அடுத்த வரி என்று பிரித்து எழுதினார். வடிகட்டிக்கு அது வேறு சொல்லாகத் தெரிந்தது. அன்றைய சில பிரௌசர்கள் சேர்த்தே படித்தன. பதம் பிரிக்கும் இடம் மாறினால் பொருள் மாறும் என்று தமிழ் வகுப்பில் படித்தோமே, அதே கதை.

ஆகவே, கெட்டதைப் பட்டியல் போட்டு நீக்கப் பார்க்காதீர்கள். அந்தப் பட்டியல் முடியவே முடியாது. ஸ்கிரிப்ட் குறியை நீக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இன்னர்எச்.டி.எம்.எல். வழியாகப் போடும் ஸ்கிரிப்ட் குறி ஓடவே ஓடாது. ஓடுவது, இல்லாத படத்தைக் கேட்கும் படக்குறியில் "ஆன்எரர்" என்று தொங்கும் வால்தான்! எதெல்லாம் வேண்டும் என்று பட்டியல் போடுங்கள். தடித்த எழுத்து, சாய்வெழுத்து, பத்தி, இணைப்பு. இணைப்பிலும் எச்.டி.டி.பி.எஸ். முகவரி மட்டும். மிச்சமெல்லாம் வெளியே.

இதை நீங்களே எழுத வேண்டாம். டோம்ப்யூரிஃபை என்ற இலவச நூலகம் இருக்கிறது. ஜெர்மனியின் க்யூர்53 குழுவினர் செய்தது. பிரௌசரே படிக்கிற மாதிரி படித்துப் பார்த்துச் சுத்தம் செய்யும். அதிலும் ஒரு விஷயம். சுத்தம் செய்வது கடைசி வேலையாக இருக்கட்டும். சுத்தம் செய்தபின் இணைப்பைச் சேர்க்கிறேன், ஸ்மைலியை மாற்றுகிறேன் என்று கை வைத்தால், செய்ததெல்லாம் வீண். நூலகத்தையும் அவ்வப்போது புதுப்பியுங்கள். அதையே ஏமாற்றும் வழிகளைக் கண்டுபிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ரியாக்டில் எச்.டி.எம்.எல்.லை நேரடியாகப் போடும் வசதிக்குப் பெயரே "டேஞ்சரஸ்லி" என்றுதான் தொடங்கும். டிரான்ஸ்ஃபார்மரில் மண்டையோடு வரைந்து "அபாயம்" என்று எழுதியிருப்பார்களே, அந்த மாதிரி. வியூவின் வி-எச்.டி.எம்.எல்.லும் சுத்தம் செய்து தராது. ஆங்குலர் தானே சுத்தம் செய்யும், நீங்கள் "பைபாஸ்" என்று எழுதாத வரை. சாதாரண எழுத்தாகக் காட்டினால் மூன்றிலுமே இந்தத் தொல்லை இல்லை. சி.எஸ்.பி. என்ற தலைப்பையும் சர்வரில் போட்டு வையுங்கள், இரண்டாவது வேலியாக.

செயலாளர் அவர்களே, தங்களிடம் ஒரே ஒரு கேள்வி. நம்ம ஆளுங்க பெயர், ஊர், வேலை, ஃபோன் நம்பர் எழுதுவதற்கு வண்ண எழுத்து அவசியம்தானா?