நுரையோடு போகும் அழுக்கு



பருப்பு வேகும்போது பானையின் மேல் நுரை திரண்டு வருகிறது. நம் வீட்டுத் தாய்மார்கள் அதைக் கரண்டியால் வழித்து எறிந்துவிடுகிறார்கள். ரப்பர் ஷீட்டு போட்ட காலத்தை அறிந்த பெரியவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். தொட்டியில் ஊற்றிய பாலில் ஆசிட் கலந்து கலக்கியதும், மேலே மிதக்கும் நுரையை வழித்தெடுத்த பிறகே பாலை உறைய விடுவார்கள். இவ்விரண்டு நுரைகளுக்கும் புரதம் என்ற பொருள் துணை நிற்கிறது. இதே நுரையைக் கொண்டு கடல்நீர் மீன்தொட்டியின் அழுக்கை நீக்கும் ஒரு கருவியைப் பற்றி இன்று பார்ப்போம்.

தோட்டத்தில் வாழும் நமக்குக் கடல்நீர்த் தொட்டி எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் பிள்ளைகளில் சிலர் படிப்பை முடித்ததும் பட்டணத்து அலங்கார மீன் கடைகளில் வேலைக்குச் சேர்கிறார்கள். பவளமும் வண்ண மீன்களும் வாழும் விலையுயர்ந்த தொட்டிகள் அவர்கள் பொறுப்பில் விடப்படுகின்றன. திருகு ஒன்றைக் காரணம் தெரியாமல் திருப்பினால், ஓர் இரவில் தொட்டி முழுவதும் பாழாகலாம். வேலையும் போகலாம். காரணத்தை அறிந்து செய்பவருக்கோ அதே வேலை ஒரு தொழிலாக அமையும்.

முதலில் தொட்டியில் நடப்பதைக் கவனிப்போம். மீனின் கழிவும் தின்னாமல் விட்ட இரையும் நீரில் அழுகுகின்றன. அதிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. ஆம், பால் உறைந்துவிடாமலிருக்க நாம் ஊற்றுகிறோமே, மூக்கைத் துளைக்கும் அந்த அம்மோனியாவேதான்! அது சிறிதளவு இருந்தாலும் மீனுக்கு நஞ்சு. நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டு மிகுந்தால் பாசி செழித்துப் பவளத்தை மூடிவிடும். பவளம் கல்லன்று, செடியுமன்று. சிறுசிறு உயிர்கள் கூடி வாழும் குடியிருப்பு அது. அழுக்கு நீரில் அது நீண்ட நாள் தாங்காது.

ஆகவே, அழுக்கு அழுகுவதற்கு முன்பே அதை வெளியேற்றுவது நல்லது. அதற்கு உதவுவதுதான் கடைகளில் புரோட்டீன் ஸ்கிம்மர் என்று கூறும் கருவி. நாம் அதை நுரைநீக்கி என்போம். அது நிமிர்ந்து நிற்கும் ஒரு குழாய். அடியிலுள்ள பம்பு காற்றை இழுத்து, நீரோடு கலந்து, நுண்ணிய குமிழிகளாக்குகிறது. புரதம் போன்ற கழிவுப் பொருளின் ஒரு முனை நீரை நாடும். மறு முனை நீரை விட்டு விலகும். விலகும் முனைக்குக் காற்றுக் குமிழியே புகலிடம். குமிழிகள் மேலேறும்போது கழிவும் அவற்றோடு ஒட்டிக்கொண்டு ஏறி, நுரையாகிக் கழுத்து வழியே மேலுள்ள கிண்ணத்தில் விழுகிறது.

குமிழி சிறியதாக இருக்க வேண்டியது ஏன்? ஓர் அங்குல நீள, அகல, உயரமுள்ள வெல்லக் கட்டியை எண்ணிப் பாருங்கள். அதன் ஆறு பக்கங்களின் மொத்தப் பரப்பு 6 சதுர அங்குலம். அதை எட்டுச் சமதுண்டுகளாக வெட்டினால் மொத்தப் பரப்பு 12 சதுர அங்குலமாகிறது. வெல்லம் கூடவில்லை, பரப்பு இரட்டித்துவிட்டது. குமிழியும் அவ்வாறே. சிறிதாகச் சிறிதாக அழுக்கு ஒட்டும் இடம் பெருகும்.

மாணவர்களே, வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே அளவான இரண்டு போத்தல்களில் முக்கால்வாசி நீர் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் லிட்டருக்கு 35 கிராம் வீதம் உப்பைப் போட்டு நன்றாகக் கரையுங்கள். கடல்நீரின் உப்பு ஏறக்குறைய அந்த அளவுதான். இரண்டையும் மூடி, ஒரே நேரத்தில் குலுக்கி வையுங்கள். உப்புநீரில் குமிழிகள் நுண்ணியவையாக இருப்பதைக் காண்பீர்கள். நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். நன்னீர் மீன்தொட்டிக்கு இந்தக் கருவி சரிவர உதவாததற்கு இதுவே காரணம்.

இனி, கருவியைச் சரிசெய்யும் முறைக்கு வருவோம்.

முதலாவது, கருவி நிற்கும் நீரின் ஆழம். பெரும்பாலும் பெரிய தொட்டிக்குக் கீழே ஒரு சிறு தொட்டியில் இதை வைப்பார்கள். பல கருவிகளுக்கு 15 முதல் 25 சென்டிமீட்டர் ஆழம் தேவை. செய்தவர் குறித்த அளவையே பின்பற்ற வேண்டும். அந்த ஆழம் நாள்தோறும் மாறினால் நுரையும் மாறும். நீர் ஆவியாகிக் குறைந்தால் நன்னீரையே ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாவதில்லை, தொட்டியிலேயே தங்கிவிடுகிறது அல்லவா?

இரண்டாவது, பொறுமை. புதுக் கருவி பழகுவதற்குச் சில நாள்களிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகலாம். அதற்குள் ஓயாமல் திருகக் கூடாது.

மூன்றாவது, நீர் வெளியேறும் திருகு. தொடக்கத்தில் அதை முழுவதும் திறந்து வையுங்கள். பிறகு சிறிது சிறிதாக மூடுங்கள். மூட மூடக் குழாயினுள் நீர் உயரும். குமிழி நிறைந்த நீர் முடிந்து நுரை தொடங்கும் கோடு, கழுத்தின் அடிப்பகுதிக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். ஒரு நாள் பொறுத்துக் கிண்ணத்தைப் பாருங்கள். வெளிறிய நீர் நிறைய இருந்தால் திருகைச் சற்றுத் திறக்க வேண்டும். கழுத்தில் காய்ந்த பிசின் மட்டும் படிந்து, கிண்ணம் வெறுமையாக இருந்தால் சற்று மூட வேண்டும். கடுந்தேநீர் நிறத்தில் நாற்றமடிக்கும் நீர் சேர்ந்தால் வேலை சரியாக நடக்கிறது என்று பொருள்.

பால்மரம் வெட்டுவோருக்கு இது எளிதில் விளங்கும். கத்தி மேலாகச் சென்றால் பால் குறைவு. ஆழமாகச் சென்றால் மரத்துக்குக் காயம். அந்த மயிரிழை அளவைக் கை அறிந்திருக்கிறது. திருகைப் பிடிக்கும் கைக்கும் அதே பக்குவம் வேண்டும்.

நான்காவது, துப்புரவு. கழுத்தில் படியும் கொழுப்பு நுரையை ஏறவிடாது. சில நாள்களுக்கு ஒருமுறை அதைத் துடைக்க வேண்டும். காற்றுக் குழாயில் உப்பு அடைத்துக்கொண்டால் வெதுவெதுப்பான நன்னீரால் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குள்ள கையை நீரில் விட்டால் நுரை சட்டென்று அமுங்கிவிடும். மீனுக்கு ஊற்றும் சில மருந்துகளோ நுரையைப் பொங்கி வழியச் செய்யும்.

இந்தப் பொங்கல்தான் பேராபத்து. கிண்ணம் வழிந்தால் உப்புநீர் தரையில் கொட்டுகிறது. தானாக நன்னீர் ஊற்றும் பம்பு இருந்தால், குறைந்த நீரை அது நன்னீரால் நிரப்பிக்கொண்டே இருக்கும். பொழுது விடியும்போது உப்பின் அளவு இறங்கிப் பவளம் வாடிக் கிடக்கும். ஆகவே மருந்து ஊற்றிய நாளிலும், மின்சாரம் நின்று மீண்டும் வந்த வேளையிலும் கருவியின் அருகில் இருந்து கவனிப்பது கடமை.

நேயர்களே, கடலும் இந்த வேலையைச் செய்கிறது. போர்ட்டிக்சன் கரையில் அலை அடிக்கும்போது ஒதுங்கும் நுரையைப் பார்த்திருப்பீர்கள். அதிலும் இத்தகைய கழிவுப் பொருள்கள் கலந்திருக்கின்றன. பெருங்கடலுக்கு அலையும் நீரோட்டமும் துணை. கண்ணாடித் தொட்டிக்கோ நம் கவனம் ஒன்றே துணை. தியோமான், ரெடாங், பாயார் தீவுகளைச் சுற்றியுள்ள கடற்பூங்காக்களில் அனுமதியின்றிப் பவளம் எடுப்பதை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடுக்கிறது. துண்டிலிருந்து வளர்த்தெடுத்த பவளத்தை வாங்குவதே முறை. வாங்கிய உயிரைச் சாகவிடாமல் காப்பது அடுத்த கடமை.

வேலைக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். எந்தக் கருவியைத் தொட்டாலும், அது ஏன் அப்படி இயங்குகிறது என்று கேளுங்கள். ஒரு நாளில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். செய்ததை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மறுநாள் பார்த்த பிறகே அடுத்த மாற்றத்தில் இறங்குங்கள்.