மீனுக்குக் காவல், மக்களுக்கு?

(மத்தூரில், கட்சித் தோழர்களின் அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



அரசியல் வகுப்பு என்று அழைத்துவிட்டு அணைக்கட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே, இது என்ன புதுமை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அதுவும் மேட்டூர் அணையா, முல்லைப் பெரியாறா? அல்ல, அல்ல! செல்வர் ஒருவர், தமக்கு உரிமையான நிலத்திலே ஓடையை மறித்து, ஓய்வுநாளில் ஓடம் விட்டு மகிழவும், தூண்டிலிட்டு மீன் பிடிக்கவும் கட்டிக்கொள்ளும் சிறிய அணை; அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அவர் நிலம், அவர் பணம், அவர் கட்டுகிறார், நமக்கென்ன என்று கேட்கலாம். நிலம் அவருடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் கரை உடைந்தால், அந்தத் தண்ணீர் பட்டா எல்லையைப் பார்த்து நின்றுவிடுமா?

இந்தக் கேள்வியை மத்தூரிலே எழுப்புவதற்குக் காரணம் உண்டு. ஓசூரிலும் சுற்றுப்புறத்திலும் தொழிற்சாலைகள் பெருகின. பெங்களூரின் செல்வம் எல்லை தாண்டி வந்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் வரையில் பண்ணை வீடுகளும் உல்லாச விடுதிகளும் எழுந்துள்ளன. தண்ணீரோரம் என்றால் மனைக்கு மதிப்பு ஏறும். ஓடை ஒன்று நிலத்தின் ஊடே போகுமானால், அதற்கு ஒரு கரை போட்டால் என்ன என்ற ஆசை யாருக்கும் எழும்.

ஆசை எழட்டும், மழை எப்படிப் பெய்யும் என்பதையும் எண்ண வேண்டுமல்லவா? 2024 டிசம்பர் தொடக்கத்தில், பெஞ்சல் புயலின்போது, நமக்கு அண்டையிலுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நிறுத்தி வைத்திருந்த வண்டிகளை வெள்ளம் பொம்மைகளைப் போல உருட்டிச் சென்ற காட்சியை நாடே கண்டது. சிறு கணக்கொன்று போடுங்கள். ஒரு சதுர கிலோமீட்டர் மலைச்சரிவில் 50 சென்டிமீட்டர் மழை விழுந்தால், அது 50 கோடி லிட்டர் தண்ணீர். எல்லாம் ஓடைக்கு வந்து சேராது, மண்ணும் குடிக்கும் என்பீர்கள். நாள்கணக்கில் நனைந்து ஊறிய மண் எவ்வளவு குடிக்கும்?

மிஞ்சிய நீர் வெளியேறும் வழியைக் கலிங்கல் என்று நூல்கள் கூறும். நம் வட்டாரத்தில் கோடி என்போம். கோடி அடைபட்டால் நீர் கரையின் தலைமேல் ஏறும். ஏறிய நீர் வெளிச்சரிவின் மண்ணை அரிக்கும். அரித்த இடம் பள்ளமாகும். பள்ளத்தில் நீர் விரையும். சில நாழிகைக்குள் கரை இருந்த இடத்தில் கரை இராது. ஏரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது பாடமன்று, பழக்கம். பணத்தோடு வந்து பண்ணை வாங்கியவருக்கு இதைச் சொல்லித் தருவார் யார்?

வீண் அச்சம் ஊட்டுகிறேன் என்பாருக்கு ஒரு வரலாறு கூறுகிறேன். அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில், சவுத் போர்க் என்னும் இடத்திலே ஓர் அணை. கால்வாய்ப் போக்குவரத்துக்காக அரசு கட்டியது. உயரம் 72 அடி. ரயில் வந்தது, கால்வாய்க்கு வேலை போயிற்று, அணை கைமாறிக் கைமாறித் தனியாரிடம் சென்றது. இடையிலே வாங்கிய ஒருவர், நீரை வடிக்க அடியிலே பதித்திருந்த இரும்புக் குழாய்களைப் பிடுங்கி விற்றுவிட்டார். 1879இல் அதை வாங்கியது ஒரு மீன்பிடி வேட்டைச் சங்கம். மீன்பிடிச் சங்கம் என்றதும் மீனவர் சங்கம் என்று எண்ணிவிடாதீர்கள்! கார்னகி, பிரிக், மெல்லன் முதலான கோடீசுவரர்கள் கோடையில் இளைப்பாறும் சங்கம்.

சீமான்கள் என்ன செய்தார்கள்? கரையின்மேல் கோச்சு வண்டிகள் ஒன்றையொன்று தாண்டிப் போக அகலம் போதவில்லை என்று கரையின் தலையைச் சீவித் தாழ்த்தினார்கள். பிடுங்கிய குழாய்களை மீண்டும் பதிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கி விட்ட மீன்கள் தப்பிவிடக் கூடாதே என்று கலிங்கலின் குறுக்கே கம்பி வலை அடித்தார்கள். மீனுக்கு இருந்த காவலைப் பாருங்கள்!

கீழே 14 மைல் தொலைவில் ஜான்ஸ்டவுன். எஃகு ஆலைத் தொழிலாளர் நிறைந்த ஊர். ஆலைத் தலைவர் மாரல் என்பவர் 1880இலேயே பொறியாளர் ஒருவரை அனுப்பி அணையைப் பார்க்கச் செய்தார். நீரை வடிக்க வழியில்லை, பழுது பார்த்த முறையும் சரியில்லை என்று அந்தப் பொறியாளர் எழுதினார். செலவில் ஒரு பங்கு தருகிறேன் என்று கூட மாரல் கூறினார். உங்களுக்கு ஓர் ஆபத்தும் இல்லை என்று சங்கத்திலிருந்து பதில் வந்தது, அத்தோடு முடிந்தது. முதலாளியின் சொல்லே முதலாளியிடம் எடுபடவில்லை என்றால், உலைக்களத்தில் நின்றவனின் சொல்லை யார் கேட்டிருப்பார்கள்?

1889 மே 31. பெருமழை. வலையிலே குப்பை அடைந்தது, நீர் கரையேறியது. ஆட்களைக் கொண்டு மண் கொட்டினார்கள், புதிய வாய்க்கால் வெட்டினார்கள், பயனில்லை. மாலை மூன்று மணிக்குச் சற்றுப் பின்னே கரை போயிற்று. ஒரு மணி நேரத்துக்குள் ஜான்ஸ்டவுன் அழிந்தது. இறந்தோர் 2,200க்கு மேல். 99 குடும்பங்கள் பூண்டோடு மறைந்தன. வழக்குத் தொடுத்தவர்கள் சங்கத்தின்மேல் வெற்றி காணவில்லை. கடவுளின் செயல் என்று கதை முடிந்தது. குழாயைப் பிடுங்கியதும், கரையைத் தாழ்த்தியதும், வலை அடித்ததும் எந்தக் கடவுள் என்று கேட்கத் தோன்றுகிறது! கார்னகி பிற்பாடு அவ்வூருக்கு ஒரு நூலகம் கட்டிக் கொடுத்தார்.

அது 72 அடி. நீங்கள் சொல்ல வந்தது சின்ன அணையாயிற்றே என்பீர்கள். சின்னதுக்கும் வருகிறேன்.

அதே அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தில், டக்கோவா என்னும் ஊரருகே கெல்லி பார்ன்ஸ் அணை. உயரம் ஏறத்தாழ 38 அடி, நீளம் 400 அடி. ஒரு சமயக் கல்லூரிக்குச் சொந்தம். 1957 வரை மின்சாரம் எடுத்தார்கள். பிறகு அது பொழுதுபோக்கு ஏரி. 1973இல் எடுத்த புகைப்படத்திலேயே கரையின் வெளிப்புறம் சரிந்திருந்தது தெரிகிறது. படத்தில் தெரிந்தது எவர் கண்ணிலும் படவில்லை. பார்த்தாக வேண்டும் என்ற கடமை எவருக்கும் இல்லை. 1977 நவம்பர் 6, நள்ளிரவு கடந்து ஒன்றரை மணிக்கு அது உடைந்தது. இறந்தவர் 39 பேர். அங்கே உடையவர் கொடியவர் அல்லர். நீர் பாய்ந்தது அந்தக் கல்லூரியின் சொந்த மாணவர்மீதும் குடும்பங்கள்மீதும்தான். ஆகவே நல்லவர் கட்டிய அணை, நமக்கு வேண்டியவர் கட்டிய அணை என்று விட்டுவிடுவதற்கில்லை. மறு ஆண்டே ஜார்ஜியா சட்டம் செய்தது. அணை உடைந்தால் கீழே உயிர் போகுமா என்பதே அச்சட்டத்தின் முதல் வகைக்கு அளவுகோல்.

நம் நாட்டு அளவுகோல் என்ன? 2021இல் நாடாளுமன்றம் அணைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அதன்படி, 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகள் சட்டத்துக்குள் வரும். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை என்றால், கரை நீளம் 500 மீட்டரேனும் இருக்க வேண்டும், அல்லது 10 லட்சம் கன மீட்டர் நீரேனும் கொள்ள வேண்டும், அல்லது வினாடிக்கு 2,000 கன மீட்டர் வெள்ளத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். இல்லையேல் அடித்தளத்திலே தனிச் சிக்கலோ, வழக்கத்துக்கு மாறான அமைப்போ இருக்க வேண்டும். 10 மீட்டருக்குக் கீழே இருந்தால் பேச்சே இல்லை.

கெல்லி பார்ன்ஸ் அணையை இந்த முழக்கோலால் அளந்து பார்த்தேன். உயரம் பன்னிரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நீளம் சுமார் 120 மீட்டர். உடைந்தபோது இருந்த நீர் 8 லட்சம் கன மீட்டருக்கும் குறைவு. நீளத்தில் தேறவில்லை, கொள்ளளவிலும் தேறவில்லை, வெள்ளத்தில் தேறுவதற்கும் வழியில்லை. தோழர்களே, 39 பேரைக் கொன்ற அணை நம் ஊரில் இருந்திருக்குமானால், பெரும்பாலும் சட்டத்தின் வாசற்படியைக் கூட மிதித்திராது!

இச்சட்டம் வந்தபோது, மாநில உரிமையில் கை வைக்கிறது என்று தமிழ்நாட்டு உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் எதிர்த்தது நினைவிருக்கும். எதிர்த்தது முறை. ஆனால் உரிமை கேட்டவனுக்குக் கடமையும் உண்டல்லவா? நீர்த்தேக்கமும் கரையும் மாநிலப் பட்டியலில், 17ஆம் இனத்தில் இருக்கின்றன. டெல்லி தொடாமல் விட்ட சிறிய அணைக்குச் சென்னையிலே சட்டம் செய்ய எவரும் குறுக்கே நிற்கவில்லை.

சட்டம் செய்யும்போது ஏரியையும் உல்லாச அணையையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது. இந்த வேறுபாடு நீதிமன்றத்துக்கும் பழையது. 1868இல், ஆலை முதலாளி ஒருவரின் நீர்த்தேக்கம் அண்டைச் சுரங்கத்தில் புகுந்த வழக்கில், தன் நலனுக்காக ஆபத்தைத் தேக்கியவனே இழப்புக்கும் பொறுப்பு என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை கூறியது. 1874இல் நம் பக்கத்து வழக்கு ஒன்று பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. கார்வேட்டிநகர் ஜமீன் ஏரிகள் உடைந்து ரயில் பாதையை அடித்துச் சென்றன. கம்பெனி இழப்பீடு கேட்டது. பழைய ஏரிகளைக் காப்பது ஜமீனுக்குப் பொதுமக்கள்பால் உள்ள கடமை, அவை பயிருக்கும் உயிருக்குமானவை, ஆகவே கவனக்குறைவு இருந்தாலன்றிப் பொறுப்பில்லை என்று தீர்ப்பாயிற்று. ஜமீன்தாருக்குச் சாதகமான தீர்ப்பை நான் பாராட்டுவது எனக்கே விந்தைதான்! ஆனால் அதன் நியாயத்தைத் திருப்பிப் பாருங்கள். ஊருக்குச் சோறு போடும் ஏரிக்கு அந்தச் சலுகை. உல்லாசத்துக்குத் தேக்கியவர் அதே சலுகையைக் கேட்க முடியாது.

மேற்பார்வை என்பது மேல்நாட்டுச் சரக்குமல்ல. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலையில் தேர்ந்த ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் ஆண்டுதோறும் மாறியது. கணக்குக் காட்டாதவன் மீண்டும் நிற்க முடியாது. அந்தச் சபையில் நிலமும் வேதமும் உடையோருக்கே இடம், உழுதவனுக்கு இடமில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். உழுதவனையும் சேர்த்துக்கொண்டு அந்த முறையை எடுத்துக்கொள்வோம்.

தனியார் நிலத்தில் ஓடையை மறித்த கரை ஒவ்வொன்றும், உயரம் எவ்வளவானாலும், ஊராட்சிப் பதிவேட்டில் ஏற வேண்டும். கீழே எத்தனை வீடு, எத்தனை பள்ளி என்பதைக் கொண்டு அதைத் தரம் பிரிக்க வேண்டும். மழைக்கு முன் பொதுப்பணிப் பொறியாளர் பார்க்க வேண்டும், செலவு உடையவருடையது, அறிக்கை ஊராட்சிப் பலகையில் தொங்க வேண்டும். நடக்கிற காரியமா என்று ஐயுறாதீர்கள். குற்றாலம் பக்கம் இயற்கை அருவி நீரைத் திருப்பித் தனியார் விடுதிகள் செயற்கை அருவி அமைத்த வழக்கில், 2022 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நடவடிக்கைக்கு ஆணையிட்டது.

அதுவரை நம் கண்ணே காவல். வேலி தாண்ட வேண்டாம். ஓடைவழியே நடந்தாலே போதும். கரையின் வெளியடியில் கசிவு உண்டா, கசியும் நீர் கலங்கி வருகிறதா என்று பாருங்கள். கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று பொருள். கோடியில் வலையோ, பலகையோ, மணல் மூட்டையோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கரையில் மரம் வளர்ந்து வேர் ஓடியிருக்கிறதா, எலிப் பொந்து இருக்கிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடும். வடகிழக்குப் பருவமழை அதற்குப் பின்னேதான் வரும். குறிப்பைத் தீர்மானமாக எழுதி, கையெழுத்துப் பெற்று, படி ஒன்றை வட்டாட்சியரிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.