கண்ணுக்குத் தெரியாத சரக்கு

(மதுரையில் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சோழவந்தான் பக்கத்திலிருந்து கதிர் அறுக்கும் கையோடு வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களை ஒன்று கேட்கிறேன். களத்து மேட்டில் நெல்லுக்கு ஒரு விலை. மதுரைக் கடையில் அரிசிக்கு ஒரு விலை. நடுவிலே போன பணம் எங்கே? வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, தரகு, கடன் வாங்கிய வட்டி என்று போயிற்று. இவற்றைத் தராசில் வைத்து நிறுக்க முடியாது, சாக்கில் கட்டவும் முடியாது. ஆனால் அதற்காகக் கைமாறுகிற காசு கண்ணுக்குத் தெரிகிற காசுதான்.

தேசத்துக்கும் தேசத்துக்கும் நடுவிலும் இதே கதைதான். கப்பல் கூலி, இன்சூரன்ஸ், பாங்குக் கமிஷன், கம்ப்யூட்டர் வேலை, யாத்திரைச் செலவு எல்லாவற்றையும் சேர்த்து 'சேவை வாணிபம்' என்கிறார்கள். 'கண்ணுக்குப் புலப்படாத வாணிபம்' என்பது அதன் பழைய பெயர். 2023-ல் உலக நாடுகள் செய்த இந்த ஏற்றுமதி ஏறத்தாழ ஏழரை லட்சம் கோடி டாலர். சரக்கு ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. சரக்கைவிட வேகமாக வளர்ந்து வருவதும் இதுதான்.

இது படித்தவர்கள் விவகாரம், பஞ்சுத் தூசிக்கும் சேற்றுக்கும் இதில் என்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வாணிபத்தில் ஒரு பெரிய சண்டையைப் போட்டது நம்முடைய தெற்குச் சீமை.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவில் கப்பல் விட்டது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. தூத்துக்குடியில் அதன் ஏஜெண்டுகள் யார்? ஹார்வி சகோதரர்கள்! 1892-ல் மதுரையில் மில் திறந்த அதே ஹார்விகள். பஞ்சை நூற்பதிலும் இலாபம், நூலை ஏற்றி அனுப்புவதிலும் கமிஷன். ஒரே கை இரண்டு பையில் போட்டுக்கொண்டது.

இதை உடைக்கத்தான் 1906 அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். கம்பெனித் தலைவர், மதுரையில் 1901-ல் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். முதலில் வாடகைக் கப்பல் எடுத்தார்கள். வாடகைக்குக் கொடுத்தவரை எதிரி மிரட்டினான், கப்பல் நின்றது. சிதம்பரம் பிள்ளை கொழும்புக்குப் போய் வேறு கப்பல் பிடித்து வந்தார். 1907-ல் 'காலியா', 'லாவோ' என்று இரண்டு சொந்தக் கப்பல்களே வந்துவிட்டன. வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, சுதேசிக் கம்பெனி இன்னும் குறைத்தது. கடைசியில் வெள்ளையன் இலவசமாக ஏற்றிக்கொண்டு போய் ஆளுக்கொரு குடையும் கொடுத்தான் என்று இன்றும் ஊரில் சொல்வார்கள்.

ஏன் இத்தனை தாராளம்? எதிரி மூழ்கும்வரை இலவசம், மூழ்கிய பிறகு இஷ்டப்பட்ட விலை. அதுதான் கணக்கு. இன்று செல்போன் கம்பெனிகளும் வாடகைக் கார் கம்பெனிகளும் ஆரம்பத்தில் காட்டுகிற தாராளத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் குடை ஞாபகம் வரும்.

1908 பிப்ரவரியில் அதே ஹார்விகளின் தூத்துக்குடிக் கோரல் மில்லில் தொழிலாளர் வேலைநிறுத்தம். சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். மில் முதலாளி சம்பளத்தை உயர்த்த வேண்டி வந்தது. மார்ச் 12-ல் இருவரும் கைது. ஜூலையில் சிதம்பரம் பிள்ளைக்கு 40 வருஷத் தீவாந்தர தண்டனை. அப்பீலில் அது குறைந்து, 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. 1911-லேயே கலைத்துவிட்டார்கள்.

அந்தக் கப்பல்களில் போனவர்கள் யார்? வியாபாரிகள் கொஞ்சம். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போன நம் ஜனங்கள் ஏராளம். வழிச்செலவைக் கங்காணி முன்பணமாகப் போடுவான், அது கடனாகும். அந்தக் கடனை ஒரு சீட்டில் எழுதினார்கள். அதற்குத் 'துண்டு' என்று பெயர். வேறு தோட்டம் அவனை எடுக்க வேண்டுமானால் துண்டில் உள்ள கடனைக் கட்ட வேண்டும். ஆளை விற்கவில்லை, துண்டைத்தான் விற்றோம் என்பார்கள்! 1921-ல்தான் இதைச் சட்டத்தால் தடுத்தார்கள். துண்டை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருகிறேன்.

கப்பல் கூலிக்கு இன்று என்ன நிலவரம்? ஐம்பது வருஷத்துக்கு முன் நம் வெளிநாட்டு வாணிபத்தில் 40 சதவீதம் இந்தியக் கப்பல்களில் போயிற்று, இப்போது 5 சதவீதம்தான். அந்நியக் கப்பல் கம்பெனிகளுக்கு வருஷத்துக்குச் சுமார் 6 லட்சம் கோடி ரூபாய் கொடுக்கிறோம். நான் சொல்லவில்லை, 2025 செப்டம்பரில் பவநகரில் பிரதமரே சொன்னது. நூல் நம்முடையது, கப்பல் இன்னும் அடுத்தவனுடையது.

நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். சேவை வாணிபம் முழுவதிலும் நாம் நஷ்டப்படவில்லை. 2023-24-ல் இந்தியா ஏற்றுமதி செய்த சேவைகள் சுமார் 34,100 கோடி டாலர். இறக்குமதி போக மிச்சம் சுமார் 16,300 கோடி டாலர். சரக்கு வாணிபத்தில் விழுந்த பள்ளத்தில் பாதிக்கு மேல் இதுதான் நிரப்பியது. இதில் பெரும் பங்கு கம்ப்யூட்டர் வேலை. நம் இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் அதற்கென்று சர்க்கார் வளாகங்கள் கட்டியிருக்கிறது. இந்த வேலையில் அமெரிக்கப் பகலுக்காக ராத்திரி முழுவதும் விழித்திருக்கிற பிள்ளைகள் உண்டு. அவர்களைப் பார்த்துப் பொறாமைப்படாதீர்கள். மூன்றாம் ஷிப்டு என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்த வளாகத்துக்குள் போகாத பிள்ளை? மேலூரிலோ உசிலம்பட்டியிலோ கொத்து வேலையும் வெல்டிங்கும் கற்ற பிள்ளை? அவன் தன் சேவையை எப்படி விற்பான்?

இதற்கு 1995 ஜனவரியில் உலக வர்த்தக அமைப்போடு ஒரு ஒப்பந்தம் அமுலுக்கு வந்தது. சேவை விற்க நான்கு வழி என்று அது வகுத்தது. கம்பி வழியாக அனுப்புவது ஒன்று. வாங்குகிறவனே தேடி வருவது ஒன்று, அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற வெளிநாட்டு டாக்டர்கள் மதுரைக்கு வருகிறார்களே, அந்த மாதிரி. முதலாளி அந்நிய தேசத்தில் கிளை திறப்பது மூன்றாவது. மனிதனே கடல் கடந்து போய் வேலை செய்வது நான்காவது. கேட்பதற்குச் சமத்துவம்தான். பலனைப் பாருங்கள். உலக வர்த்தக அமைப்பே மதிப்பிட்ட 2017-ம் ஆண்டுக் கணக்கு இது: சேவை வாணிபம் நூறு ரூபாய் என்றால் மூலதனம் கிளை திறந்து செய்தது சுமார் 59 ரூபாய். மனிதன் போய்ச் செய்தது மூன்று ரூபாய்கூட இல்லை. பணம் பறந்து போகலாம், மனிதன் விசா வாசலில் நிற்க வேண்டும்.

அந்த மூன்று ரூபாயிலும் நம் மேலூர்க் கொத்தனார் கிடையாது. துபாய்க் கம்பெனியில் வருஷக்கணக்கில் கூலிக்கு இருப்பவனை அந்த ஒப்பந்தம் சேவை ஏற்றுமதி என்று எண்ணுவதில்லை. அவன் வீட்டுக்கு அனுப்புகிற பணம் வேறொரு பத்தியில், 'அனுப்பிய தொகை' என்று ஏறுகிறது. சின்னப் பத்தியா அது? 2023-24-ல் இந்தியாவுக்கு இப்படி வந்தது சுமார் 11,870 கோடி டாலர் என்கிறது ரிசர்வ் பாங்கு. அதில் பத்தில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கு. அமெரிக்காவில் உள்ளவர்கள் அனுப்பியதும் இதில் சேர்த்திதான், ஆனாலும் வளைகுடா வெயிலில் நின்றவன் பங்கு சிறியதல்ல. தேசத்தின் டாலர்ப் பெட்டியை நிரப்புகிறவனுக்கு வாணிபப் பேச்சு நடக்கிற மேஜையில் நாற்காலி இல்லை.

இப்போது துண்டுக்கு வருகிறேன். ஏஜெண்டு உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விசா, டிக்கெட், செலவு என்று இரண்டு லட்சம் கேட்டால் அது புதிய துண்டு. நிலத்தை அடகு வைத்துப் போகிறவன் அங்கே சம்பளத்தைக் குறைத்தாலும் திரும்பி வர முடியாது, கடன் அவனைக் கட்டிப் போட்டிருக்கும்.

1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி ஏஜெண்டுக்குச் சர்க்கார் பதிவு இருக்க வேண்டும். அவன் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன் மீது வரியும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகச் சர்க்கார் அனுமதி வேண்டும். சுற்றுலா விசாவில் ஏற்றி அனுப்புகிறவன் இந்த அனுமதியிலிருந்து தப்புகிறான், மாட்டுகிறவன் உங்கள் பிள்ளை. பதிவு எண்ணை 'இ-மைக்ரேட்' என்ற சர்க்கார் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பணத்துக்கு ரசீது வாங்குங்கள், வேலை ஒப்பந்தத்தின் நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். எண் கேட்டால் எழுந்து போகிறவனாக இருந்தால், போகட்டும், அடுத்த தெருவுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.