கடன் தீரட்டும் என்று காத்திருக்கலாமா?

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)



'வாழ்க்கையில் வெற்றி' என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டார். "வெற்றியைப் பற்றிப் பேச வேறு ஆளைப் பாருங்க, கடனைப் பற்றின்னா நான் பேசறேன்" என்றேன். "அப்படின்னா கூட்டம் இன்னும் அதிகமா வரும்" என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். கூட்டத்தைப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான்!

ஒவ்வொரு ஆண்டும் இந்தச் சந்திப்பில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மரத்தடியில் நாலு பேர் ஒதுங்குவோம். யாராவது ஒருவர் மெதுவாகச் சொல்வார்: "இந்த வேலை பிடிக்கலைடா. வேற எதுக்காவது போயிடலாம்னு இருக்கு. ஆனா கடன் இருக்கே, எப்படி விடறது?" மற்ற மூவரும் தலையாட்டுவார்கள். அடுத்த ஆண்டும் அதே மரத்தடி, அதே பேச்சு. அந்தப் பேச்சைத்தான் இன்று மேடைக்குக் கொண்டுவருகிறேன்.

நான் 1996-ல் இந்தக் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்துவிட்டுக் கோவையில் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் சேர்ந்தேன். இன்று தனியார் பாலிடெக்னிக் ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். இடையில் நடந்தது முழுக்க ஒரு கணக்கு. அந்தக் கணக்கை ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன். உங்கள் தொகை வேறாக இருக்கலாம், வழிமுறை உதவும்.

2011-ல் என் கைக்கு வந்த சம்பளம் 48,000 ரூபாய். ஆலையில் அப்ரண்டிஸ் பையன்களுக்கு நான் சனிக்கிழமைகளில் வகுப்பு எடுப்பேன். வாரம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் காத்திருக்கிறேன் என்பது எனக்கே புரிந்திருந்தது. தெரிந்த பாலிடெக்னிக்கில் விசாரித்தேன். 30,000 தருவோம் என்றார்கள். அதாவது மாதம் 18,000 ரூபாய் நஷ்டம்.

கடன் என்று பார்த்தால் வீட்டுக் கடன் 12 லட்சம். தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய பர்சனல் லோன் 3 லட்சம், வங்கியில் நகைக் கடன் ஒன்றரை லட்சம், மாமாவிடம் வாங்கிய கைமாற்று 90,000. அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவில் கிரெடிட் கார்டில் ஏறியது 60,000. ஆக மொத்தம் 18 லட்சம். இதைத் தாளில் எழுதிப் பார்த்ததும் ஆசிரியர் வேலை ஆசையைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடலாம் என்றுதான் தோன்றியது.

என் மனைவியிடம் காட்டினேன். அவர் மொத்தத் தொகையைப் பார்க்கவே இல்லை. "ஏனுங்க, பதினெட்டு லட்சங்கிறதெல்லாம் எனக்கு வேண்டாமுங்க. ஒண்ணாந்தேதி வந்தா எவ்வளவு கட்டோணும்? அதச் சொல்லுங்க" என்றார்.

நண்பர்களே, நான் இன்று சொல்ல வந்ததன் சாரமே அந்தக் கேள்விதான். வேலையை மாற்றவிடாமல் நம்மைக் கட்டிப்போடுவது மொத்தக் கடன் அல்ல, ஒண்ணாந்தேதிக் கடன். இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் மரத்தடியிலேயே நின்றுவிடுகிறோம்.

ஒண்ணாந்தேதிக் கணக்கு இப்படி இருந்தது. வீட்டுக் கடன் தவணை சுமார் 12,000. பர்சனல் லோன், 16 சதவீத வட்டியில் நான்கு ஆண்டுக்கு, 8,500. நகைக் கடன் வட்டி 1,500. கார்டு வட்டி 1,800. மொத்தம் 23,800. இதில் கவனியுங்கள்: 12 லட்சம் கடனுக்கு 12,000 போகிறது. மிச்சமுள்ள 6 லட்சத்துக்கும் ஏறக்குறைய அதே 12,000 போகிறது, அதுவும் மாமாவுக்கு ஒன்றும் கட்டாமலேயே! அப்படியானால் 18 லட்சமும் அடைய வேண்டியதில்லை. அந்த 6 லட்சம் அடைந்தால் போதும். மூன்றில் ஒரு பங்கு கடன் தீர்ந்தால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

எதை முதலில் அடைப்பது? கார்டைத்தான். நம் ஊரில் "மூணு வட்டி" என்றால் முகத்தைச் சுளிப்போம். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-ல் தனிச் சட்டமே வந்தது. ஆனால் பளபளவென்று ஒரு அட்டையில் வந்தால் அதே மூணு வட்டி நமக்கு வட்டியாகவே தெரிவதில்லை. இன்று பல கார்டுகளில் மாதத்துக்கு மூன்றரை வட்டி, அந்த வட்டிக்கு மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஒரு லட்சம் பாக்கி வைத்தால் மாதம் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல் வட்டிக்கே போய்விடும். 'மினிமம் டியூ' மட்டும் கட்டிக்கொண்டு வருகிறவர் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமக்கிறார்.

இரண்டாவது, நகைக் கடன். "பர்சனல் லோனுக்கு 16 சதவீதம், நகைக் கடனுக்கு 12 தானே, அதை ஏன் முந்தி அடைத்தாய்?" என்று கணக்கில் கெட்டிக்காரர்கள் கேட்பார்கள். இரண்டு காரணம். பர்சனல் லோன் தவணை கட்டக் கட்டத் தானே கரைகிறது. நகைக் கடனில் வட்டி மட்டும் கட்டினால் அசல் அப்படியே நிற்கும். அதோடு, மீட்ட நகை பீரோவில் இருந்தால், வேலை மாறிய பிறகு ஆபத்துக்கு உதவ ஒரு பொருள் கையில் இருக்கும். அடகில் இருக்கும் நகையால் என்ன பயன்?

மூன்றாவது, மாமாவின் கைமாற்று. வட்டி இல்லாத கடன். "மாப்ள, உனக்கு எப்ப முடியுதோ அப்பக் குடு" என்றுதான் மாமா சொன்னார். ஆனால் நாளைக்கு நான் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு வாத்தியார் வேலைக்குப் போனால், பணம் கொடுத்த சொந்தக்காரருக்கு மனசுக்குள் ஒரு கேள்வி வரும். அது நியாயமும்கூட. வட்டியில்லாக் கடனுக்குப் பேச்சுதான் வட்டி. அதனால் அதையும் வேலை மாறுமுன் தீர்த்தேன். கடைசியில் மிஞ்சியிருந்த பர்சனல் லோனை முடித்தேன்.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? சம்பளம் 48,000. மனைவி வீட்டில் டியூஷன் எடுத்ததில் 4,000. ஆக 52,000. வீட்டுச் செலவு 20,000. அடுத்த ஆண்டுகளில் சம்பளமும் ஏறியது, விலைவாசியும் ஏறியது. புரிவதற்காக முதல் ஆண்டுக் கணக்கையே வைத்துக்கொள்வோம். வீட்டுக் கடன் தவணையும் வீட்டுச் செலவும் போக மீதி 20,000. அது மொத்தமும் அந்த 6 லட்சத்துக்கே போனது. ஒரு கடன் தீர்ந்தால் அதற்குக் கட்டிய பணம் அடுத்த கடனுக்கு நகர்ந்தது, செலவுக்கு நகரவில்லை. தீபாவளி போனஸும் அதே வழியில் போனது. 2011 ஜூனில் தொடங்கியது 2014 ஜூனில் முடிந்தது. மூன்று ஆண்டு.

முடிந்த அன்று ராத்திரி என் மனைவி ஒன்று கண்டுபிடித்தார். "ஏனுங்க, மூணு வருசமா நாம முப்பத்திரண்டாயிரத்துலதானே குடும்பம் நடத்திருக்கோம்? உங்க பாலிடெக்னிக் சம்பளமும் எம்பட டியூஷன் காசும் சேத்தா முப்பத்தி நாலாயிரம் வருதே!"

ஆமாம். கடன் அடைத்த அந்த மூன்று ஆண்டும் நாங்கள் வாத்தியார் சம்பளத்தில்தான் வாழ்ந்திருக்கிறோம். கடனை அடைப்பது ஒரு வேலை, குறைந்த சம்பளத்துக்குப் பழகுவது இன்னொரு வேலை என்று நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே வேலை. சம்பளம் குறையும் வேலைக்குப் போக நினைப்பவர்கள், எவ்வளவு குறையுமோ அவ்வளவு பணத்தை இன்றே மாதாமாதம் கடனுக்குக் கட்டிப் பாருங்கள். ஆறு மாதம் கட்ட முடிந்தால் அந்த வேலை உங்களுக்கு ஒத்துவரும். முடியாவிட்டால், ராஜினாமாக் கடிதம் கொடுக்காமலேயே உண்மை தெரிந்துவிடும். எப்படியானாலும் கடன் குறைந்திருக்கும். இந்தப் பரீட்சையில் ஃபெயில் ஆனாலும் லாபம்தான்!

உடனே விட்டுவிட்டேனா? இல்லை. இன்னும் ஒரு ஆண்டு அதே 20,000-ஐ வங்கியில் சேர்த்தேன். 2,40,000 ஆயிற்று. தவணையும் வீட்டுச் செலவுமாக ஏழரை மாதத்துக்குத் தாங்கும். 2015 ஜூனில்தான் ஆலையை விட்டேன்.

விடுமுன் செய்ய வேண்டிய சில காரியங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி தரும் குரூப் மெடிக்கல் காப்பீடு வேலையோடு போய்விடும். உங்கள் பெயரில் ஒரு பாலிசியைச் சம்பளம் வரும்போதே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு சர்வீஸ் ஆகாமல் எடுத்தால் வரியும் உண்டு. கடனை வட்டி குறைந்த வங்கிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால், சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே மாற்றுங்கள். வேலையை விட்ட பிறகு மேனேஜர் நாற்காலி போடுவார், கடன் போட மாட்டார்!

நிரந்தர ஊழியருக்கு ஐந்து ஆண்டு சர்வீஸ் முடிந்தால் கிராஜுவிட்டி உண்டு. நான்கரை ஆண்டில் அவசரப்பட்டு விடுகிறவர்கள் நாட்காட்டியைப் பார்க்கவும். எனக்குப் பத்தொன்பது ஆண்டு சர்வீஸ். அடிப்படைச் சம்பளம் 20,000. அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 19-ஆல் பெருக்கினால் சுமார் 2,19,000. அதை அப்படியே வீட்டுக் கடன் அசலில் கட்டினேன். மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் அபராதம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. அசலில் கட்டினால் ஆண்டைக் குறைப்பதுதான் லாபம் என்று எல்லோரும் சொல்வார்கள். வட்டிக் கணக்கில் அது சரி. ஆனால் வருமானம் குறையப் போகிறவனுக்கு ஒண்ணாந்தேதிதான் முக்கியம். நான் தவணையைக் குறைக்கச் சொன்னேன். 12,000 சுமார் 9,600 ஆனது.

இதெல்லாம் அதிகப்படியான ஜாக்கிரதை என்று சில நண்பர்கள் கேலி செய்தார்கள். 2020-ல் கொரோனா வந்தது. எங்கள் பாலிடெக்னிக்கில் சில மாதம் பாதிச் சம்பளம்தான். டியூஷனும் நின்றது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி வசதி செய்தது. ஆனால் அந்த மாதங்களின் வட்டி கடனில் ஏறும் என்பதால் நாங்கள் அதை எடுக்கவில்லை. சேர்த்து வைத்த பணம் கைகொடுத்தது. அந்தக் கார்டும் பர்சனல் லோனும் அப்போது இருந்திருந்தால் இன்று இந்த மேடையில் இவ்வளவு உற்சாகமாகப் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

எல்லோரும் ஆசிரியர் வேலைக்கு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. என் கூட ஆலையில் இருந்தவர்கள் இன்று என்னைவிட இரண்டு மடங்கு சம்பாதிக்கிறார்கள். அவர்கள் காரில் போகும்போது என் பையன் என்னைத் திரும்பிப் பார்ப்பான். அந்தப் பார்வைக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். அதேபோல, புதிய வேலையில் சம்பளம் கூடும் என்றால் கடன் தீரக் காத்திருக்கவே தேவையில்லை. ஆனால் கையில் ஆர்டர் வாங்கிய சம்பளத்தை மட்டும் கணக்கில் எழுதுங்கள். 'ஆறு மாசத்துல கூட்டித் தர்றோம்' என்ற வாய் வார்த்தையை எழுதாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கென்று ஏஜெண்டுக்குக் கட்ட மூணு வட்டிக்குப் பணம் வாங்காதீர்கள். சொந்தத் தொழில் தொடங்கக் குடியிருக்கும் வீட்டை அடமானம் வைக்குமுன், வீட்டில் இருப்பவர்கள் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசிவிடுங்கள்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் கல்விக் கடனில் படிக்கிறீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான்கு லட்சம் ரூபாயை 10 சதவீத வட்டியில் பத்து ஆண்டில் கட்டினால் மாதம் ஏறக்குறைய 5,300. பெரும்பாலும் படிப்பு முடிந்து ஓராண்டு வரை அவகாசம் தருவார்கள். அவகாசம் என்றால் தள்ளுபடி அல்ல, வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். முதல் வேலை பலருக்குப் பிடித்த வேலையாக அமைவதில்லை. இரண்டு மூன்று ஆண்டில் மாறத் தோன்றும், மாறுவதும் நல்லதுதான். ஆனால் முதல் சம்பளத்திலேயே பைக்குக்கு ஒரு இ.எம்.ஐ., செல்போனுக்கு ஒரு இ.எம்.ஐ., அறை நண்பனுக்கு ஒரு ஜாமீன் கையெழுத்து என்று போட்டுவிட்டால், பிடிக்காத வேலையை நீங்களே நிரந்தரம் செய்துகொள்கிறீர்கள். ஒவ்வொரு இ.எம்.ஐ.யும் அந்த நாற்காலியோடு உங்களைக் கட்டும் ஒரு கயிறு. கல்விக் கடன் என்ற ஒரு கயிறு போதும்.

என் வீட்டுக் கடன் இன்னும் தீரவில்லை. 2031 வரை ஓடும். கடனில்லாதவன் ஆன பிறகுதான் பிடித்த வேலைக்குப் போவேன் என்று நான் காத்திருந்தால், இன்னும் அந்த மரத்தடியில்தான் நின்றிருப்பேன். கடன் இருந்தால் என்ன என்று 2011-லேயே குதித்திருந்தால் முதல் மாதமே மூழ்கியிருப்பேன். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதை இருக்கிறது. அது ஒரு முழுத் தாளில் அடங்கிவிடும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெக்கானிக்கல் துறை வராந்தாவில் இருப்பேன். யாருக்காவது அந்தத் தாளை எழுதிப் பார்க்க வேண்டும் என்றால் வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து எழுதலாம். பேனா நான் கொண்டுவருகிறேன்.