கொல்லி ஓரியும் ஃபோர்ட் அப்பாச்சியும்



காவிரிக் கரையில், படுகை அணையின் நீரொலி எட்டும் தொலைவில், கவிஞர்கள் கூடியுள்ள ஜேடர்பாளையத்து அவையில் அமெரிக்கக் குதிரைப்படைப் படமொன்றைப் பற்றிய உரை எதற்கு என்ற ஐயம் எழுவது இயல்பே. அந்த ஐயத்திற்கு முதல் விடை பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவிய டி.ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர். 'மந்திரி குமாரி'யை (1950) அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கனைக் கொண்டு இயக்குவித்த அந்நிறுவனம், 1952-இல் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்' என்றும் தமிழில் 'காடு' என்றும் ஒரு படத்தை வெளியிட்டது. வில்லியம் பெர்க் இயக்கிய அப்படத்தில் எம்.என். நம்பியாருடன் நடித்தவர்கள் ராட் கேமரான், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் ஆகியோர். இவர்களுள் கேமரான் அதற்கு முந்தைய ஆண்டில்தான் 'கேவல்ரி ஸ்கௌட்' என்னும் குதிரைப்படைப் படத்தின் நாயகர். மேரி வின்ட்சரும் அதே 1951-இல், கஸ்டரை எச்சரிக்கச் சென்று வழியிலேயே மடியும் ஒரு சிறு படைப்பிரிவின் கதையான 'லிட்டில் பிக் ஹார்ன்' படத்தில் நடித்து முடித்தவர். அமெரிக்கச் சமவெளியின் தூசு படிந்த அதே நடிகர்களைச் சேலத்து நிறுவனமொன்று தன் படத்திற்கு அழைத்துவந்தது என்பது நினைக்க இனிமையான செய்தி. யானைகளுக்கு மயிர்ப்போர்வை போர்த்திப் பண்டைக்கால மம்மூத்துகளாக நடமாட விட்ட அந்தப் படத்தின் தரம் வேறு செய்தி. அதை இங்கே கிளற வேண்டியதில்லை.

இவ்வகைப் படங்களைத் தமிழ்ச் சுவைஞர் 'கௌபாய் படம்' என்ற ஒரே பெயரில் அழைத்தனர். மாட்டுக்காரன், கொள்ளையன், ஷெரீப், குதிரைப்படை வீரன் எல்லாரும் அந்தப் பெயருக்குள் அடக்கம். 'மெக்கன்னாஸ் கோல்டு' (1969) இந்நாட்டில் பெற்ற வரவேற்பு பழைய இரசிகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் குதிரையேறிய 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972) முதலியன அந்தச் சுவையைத் தமிழாக்கின. படக்கதைகளின் பங்கும் சிறிதன்று. பிரெஞ்சு மொழியில் சார்லியே எழுத ழான் ஜிரோ வரைந்த குதிரைப்படை வீரன் புளூபெர்ரி, சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸில் 'கேப்டன் டைகர்' ஆனான். மூலத்தில் அவன் லெப்டினன்ட். பதவி உயர்வு சிவகாசி வழங்கியது. கார்ட்டூன் நெட்வொர்க் அலைவரிசை இரவானதும் டி.என்.டி.யாக மாறிப் பழைய ஹாலிவுட் படங்களைக் காட்டிய 1990-களில், அப்படக்கதைகளை வாசித்து வளர்ந்தவர்கள் பலர் ஹாலிவுட்டின் பழைய குதிரைகளை வீட்டிலிருந்தபடியே கண்டனர்.

குதிரைப்படைப் படங்களுள் தலைமையானவை ஜான் ஃபோர்டு இயக்கிய மூன்று: 'ஃபோர்ட் அப்பாச்சி' (1948), 'ஷி வோர் எ யெல்லோ ரிப்பன்' (1949), 'ரியோ கிராண்டே' (1950). ஓய்வு பெறும் முதிய தளபதியின் கதையான இரண்டாவது படத்தின் வண்ணங்களுக்கே இரசிகர் பலர் முதன்மை தருவர். அதன் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கார் விருதும் கிடைத்தது. எனினும் கவிஞர் அவையில் பேசத்தக்கது, கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட முதல் படமே. ஏனெனில் அது புகழ்ச்சி எவ்வாறு உண்டாக்கப்படுகிறது என்பதைப் பற்றிய படம்.

உள்நாட்டுப் போரில் தளபதியாக இருந்து, போர் முடிந்தபின் பதவி குறைக்கப்பட்ட லெப்டினன்ட் கர்னல் தர்ஸ்டே, பாலைவனக் கோட்டையொன்றின் தலைவராக மகளுடன் வந்து இறங்குகிறார். வந்த இடம் அவருக்கு இழுக்காகப் படுகிறது. இழந்த புகழை மீட்க ஒரு வெற்றி வேண்டும். அப்பாச்சிகள் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தை விட்டு வெளியேறியதற்குக் காரணம், அரசின் முகவன் அவர்களுக்கு மட்டமான சாராயத்தை விற்றுச் சுரண்டியதே. இதை அறிந்த தளபதி யார்க், ஒரு துணைவனோடு மட்டும் எல்லை கடந்து சென்று அவர்களின் தலைவன் கொச்சீஸிடம் வாக்குக் கொடுத்து அழைத்து வருகிறார். தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரை இக்காட்சி நினைவூட்டாமற் போகாது. ஒரு வேறுபாடு உண்டு: யார்க்கின் தூதைப் பொய்யாக்குபவர் அவரை ஆளும் தலைவரே. பேச வந்தவர்களைத் தர்ஸ்டே இகழ்கிறார். மறுத்துச் சொன்ன யார்க்கைக் கோழையென ஏசி, வண்டிகளோடு பின்னால் நிறுத்துகிறார். நான்கு நான்காகப் படையை அணிவகுத்துக் கணவாய்க்குள் பாய்ந்து அழிகிறார்.

தர்ஸ்டேயாக நடித்தவர் ஹென்றி ஃபோண்டா. லிங்கனாகவும் டாம் ஜோடாகவும் வையாட் அர்ப்பாகவும் ஃபோர்டின் படங்களில் நேர்மையின் உருவாக நின்றவரை, அந்த நேர்மையே இறுகிக் கல்லானால் எப்படியிருக்கும் என்று காட்ட வைத்தது இயக்குநரின் துணிவு. நிமிர்ந்த முதுகும் குறுகிய உதடுகளுமாக அவர் வருகையில் கோட்டை முழுவதும் குளிர்கிறது. யார்க் வேடத்தில் ஜான் வெயின். சுடுவதிலும் குதிரை ஓட்டுவதிலும் பேர் பெற்ற அவருக்கு இப்படத்தில் பெரும்பாலும் வாய்த்தது பொறுத்துக்கொள்ளும் வேலை. அதை அவர் அழகாகவே செய்திருக்கிறார். குழந்தை நட்சத்திரமாக உலகை ஆண்ட ஷெர்லி டெம்பிள் மகளாகவும், அப்போது அவருடைய கணவராக இருந்த ஜான் ஏகர் காதலனாகவும் வருகின்றனர். அந்தக் காதலை மெல்லிய சர்க்கரைப் பாகு என்று சொல்லிக் கடந்துவிடலாம். விக்டர் மக்லாக்லன் சாராயப் பீப்பாய்களை 'அழிக்கும்' நகைச்சுவையும், அதிகாரியின் மகளைச் சார்ஜன்ட் மேஜரின் மகன் மணக்கலாமா என்று கேட்கும் தர்ஸ்டேயின் முன் தலைநிமிர்ந்து நிற்கும் வார்ட் பாண்டின் பெருமிதமும் கடந்துவிடத்தக்கவை அல்ல. ஆர்ச்சி ஸ்டௌட், அகச்சிவப்புப் படச்சுருளைக் கொண்டு வானத்தைக் கருமையாக்கி மேகங்களை வெண்பாறைகளாக்கினார். மான்யுமென்ட் பள்ளத்தாக்கின் கல்தூண்கள் நடுவே மனிதர் எறும்புகள்.

ஒரு காட்சியை மட்டும் தனியே சொல்ல வேண்டும். படை புறப்பட்டு வாயிலைக் கடக்கிறது. பெண்கள் உயரத்தில் நின்று பார்க்கின்றனர். காலிங்வுட் என்ற தளபதிக்கு இடமாற்ற ஆணை அப்போதுதான் வந்து சேர்கிறது. ஆளனுப்பினால் அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். அவருடைய மனைவி அழைக்கவில்லை. மூதின்முல்லைத் துறையை அறிந்த தமிழருக்கு இப்பெண் அயலாள் ஆகமாட்டாள்.

ஆண்டுகள் கழிகின்றன. கோட்டைத் தலைவராகிவிட்ட யார்க்கின் அறையில் செய்தியாளர்கள் நிற்கின்றனர். தர்ஸ்டேயின் வீரப் பாய்ச்சலைத் தீட்டிய ஓர் ஓவியம் தலைநகரில் புகழ் பெற்றிருக்கிறது. அது உண்மைதானா என்று கேட்கின்றனர். முழுவதும் உண்மை என்கிறார் யார்க். மடமையால் மடிந்த ஒருவர் மாவீரராகிறார். ஓவியத்தைப் பொய்யென்றால் உடன் மாண்ட எளிய வீரரின் பெயரும் அழியும் என்பது யார்க்கின் கருத்தாக இருக்கலாம். நாட்டுக்கு நாயகர் தேவை என்று ஃபோர்டும் பிற்காலத்தில் இதற்கு வக்காலத்து வாங்கினார். ஆனால் அவர் எடுத்த படம் அவரைவிட நேர்மையானது. பொய்யைச் சொல்லும் வாயைக் காட்டுமுன், உண்மை நடந்ததை அது இரண்டு மணி நேரம் காட்டிவிட்டது.

மெய்க்கீர்த்தி பாடிய மரபினர்க்கு இந்தச் சிக்கல் புதியதன்று. வென்றவன் கல்லில் பொறித்தது மட்டுமே எஞ்சுவதும், தோற்றவனின் ஊர் பெயரின்றிப் போவதும் எங்கும் நிகழ்ந்தவை. நிகழாத இடமும் ஒன்றுண்டு. அது இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியை முள்ளூர் மன்னன் காரி போரில் கொன்றான். கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். இருவருடைய குதிரைகளுக்கும் அவரவர் பெயரே. காரியின் குதிரை காரி, ஓரியின் குதிரை ஓரி என்று சிறுபாணாற்றுப்படை சொல்லும். கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே பாட்டில், கடையெழு வள்ளல்கள் வரிசையில், வேறுபாடின்றி இடம்பெற்றனர். காரியைப் புகழ்ந்து பாடியவர் கபிலர். அவரே நற்றிணைப் பாடலொன்றில், ஓரியைக் கொன்றபின் அவனது தெருவுக்குள் காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தை உவமையாக வைத்துவிட்டார். பாடல் அகப்பாடல், பேசுபொருள் வேறொரு பெண்ணின் பூசல். புரவலனின் வெற்றியைப் பாட வேண்டிய வாய், தோற்றவன் தெருவின் ஒலியை ஓரமாகக் காத்துவைத்திருக்கிறது. யார்க்கின் அறையில் மாட்டத்தக்க ஓவியம் அன்று அது.

இந்த அளவுகோலில் 'ஃபோர்ட் அப்பாச்சி' பாதி தேறும். கொச்சீஸ் அறிவும் மானமும் உடையவனாகக் காட்டப்படுகிறான். அநீதி எவர் பக்கம் என்பதில் படத்திற்குக் குழப்பமில்லை. 1948-இல் அது பெரிது. ஆயினும் கொச்சீஸாக நடித்தவர் மெக்சிகோ நடிகர் மிகேல் இன்க்ளான். சூழ்ந்து நின்ற அப்பாச்சிகள் அப்பள்ளத்தாக்கைச் சேர்ந்த நவஹோ மக்கள். அவன் பேசுவதும் மொழிபெயர்ப்பாளன் வழியாகத்தான். கோட்டைக்குள் நடனம் உண்டு, சிரிப்பு உண்டு, கணவனை அழைக்காத மனைவி உண்டு. அப்பாச்சிகளின் தெருவில் எழுந்த ஒலி எதுவென்று படம் கேட்கவில்லை. வெட்சிக்கும் கரந்தைக்கும் பூச்சூட்டிய இலக்கணத்தில் பயின்ற சுவைஞர், ஃபோண்டாவையும் வெயினையும் நேசித்துக்கொண்டே இந்தக் குறையையும் சொல்லலாம். சொல்லாத இரசனை, அந்தச் செய்தியாளர்களின் இரசனை. பத்தாண்டு நிறைவில் வெளிவரும் மலர்களும் அந்த ஓவியத்தின் இனத்தைச் சேர்ந்தவைதாம் என்பதை இங்குள்ளோர் பொறுத்துக்கொள்வார்களாக.

அந்தப் பொய்க்குச் சற்று முன்னர், போர்க்களத்தில் ஒரு காட்சி. தர்ஸ்டேயின் படை அழிந்துவிட்டது. மேட்டில் எஞ்சிய சிலரோடு யார்க் நிற்கிறார். கொச்சீஸின் குதிரைகள் புழுதி கிளப்பி வருகின்றன. யார்க் ஆயுதத்தைக் கழற்றிவிட்டுத் தனியே முன்னே நடக்கிறார். கொச்சீஸ் அவரைத் தாக்கவில்லை. வீழ்ந்த படையின் கொடியைக் கொண்டுவந்து, யார்க்கின் எதிரே மண்ணில் நட்டுவிட்டுத் திரும்புகிறான். புழுதி எழுந்து குதிரைகளை மறைக்கிறது. கொடி மட்டும் தெரிகிறது.